பட்டன் இல்லாத டயர்

1

அந்த யோசனை எனக்கு ஒரு டயர் கடையில்தான் வந்தது. காரின் வருடாந்திரப் பரிசோதனைக்காகப் போயிருந்தேன். இங்கே இங்கிலாந்தில் மூன்று வயதான ஒவ்வொரு காரும் ஆண்டுக்கு ஒருமுறை பரீட்சை எழுத வேண்டும். விளக்கு, பிரேக், புகை, டயர். கெவின் என்கிற மெக்கானிக் என் டயரின் பள்ளத்தில் ஒரு சின்ன அளவுகோலை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் மெஷின் காப்பியோடு கடைக்குள் உலாத்திக்கொண்டிருந்தேன்.

மூலையில் நான்கு டயர்கள் அடுக்கியிருந்தன. கிட்டத்தட்ட மொட்டை. நடுவில் இரண்டே இரண்டு வாய்க்கால், ஓரத்தில் அங்கங்கே ஒரு கீறல், அவ்வளவுதான். குப்பைக்குப் போகிறவை என்று நினைத்துத் தொட்டேன். விரல் ஒட்டியது. எடுத்தபோது தோல் ஒரு கணம் தாமதமாகத்தான் கூட வந்தது.

"செமி-ஸ்லிக்," என்றார் கெவின், காருக்கு அடியிலிருந்தே. "பந்தய டயருக்கும் ரோட்டு டயருக்கும் பிறந்த பிள்ளை. ரோட்டிலும் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கும். உன் காருக்கு அளவு சரியாக வரும். டிராக் டே போயிருக்கிறாயா?"

போனதில்லை. போக வேண்டும் என்று அந்த நிமிடம்தான் தோன்றியது. ஊரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே பழைய விமான தளங்களையும் பந்தயத் தடங்களையும் ஒரு நாள் திறந்துவிடுவார்கள். பந்தயம் கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. யார் வேண்டுமானாலும் தன் சொந்தக் காரைக் கொண்டுவந்து, எதிரில் மாடோ மினி பஸ்ஸோ வராத ரோட்டில், மனம் போல ஓட்டலாம். காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதைவிட என்ன சொர்க்கம் வேண்டும்?

"பூட்டிவிடுங்கள்," என்றேன்.

வீடு வந்து சேர்ந்து, விரலில் ஒட்டியிருந்த ரப்பர் கறுப்பை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். பட்டன் இல்லாத டயரை ஏழு வருடத்துக்கு முன்பும் இதே கைகள் பிடித்திருக்கின்றன.

2

அதற்கப்புறம் படிவங்கள். இந்த நாட்டில் ஒருவன் சாவதற்கு முன்பே மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு டயர் மாற்றியதை எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தேன். பதிலுக்கு ஒரு பெண் போன் செய்தாள். "பட்டன் எல்லாம் சட்டப்படி தேவையான ஆழத்துக்கு இருக்கிறது," என்றேன். "எந்தப் பட்டன் சார்? டாஷ்போர்டிலா?" என்றாள். டயரின் மேல் இருக்கிற கட்டிகளுக்கு நம் ஊரில் பட்டன் என்றுதான் பெயர். இங்கிலீஷ் வார்த்தைதானே, எல்லா இங்கிலீஷ்காரனுக்கும் புரியும் என்று நான் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

டிராக் டே படிவம் நான்கு பக்கம். ஆபத்து என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? அப்பாவின் பெயரை எழுதி, சன்னதித் தெரு என்று எழுதி, பின்கோடு எழுதினேன். அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். போன் போனால், முதலில் எத்தனை மைல் வேகம் என்று கேட்பார். அடுத்த கேள்வி: 'கடந்த பத்து ஆண்டுகளில் உங்களுக்கு விபத்து ஏதேனும் நேர்ந்ததுண்டா?'

இல்லை என்று டிக் செய்தேன். அது உண்மைதான். என்னால் இன்னொருவனுக்கு நேர்ந்ததா என்று படிவம் கேட்கவில்லை.

3

தேவராஜ் என்கிற தேவா என் கூட்டாளி. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு லேத் பட்டறைக்குப் போனவன். நான் சன்னதித் தெருப் பையன் என்பதால் என்னை 'சாமி' என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை ஒரு துளியும் இருக்காது.

அவன் அப்பா கோவிந்தசாமி, வரதர் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. வடம் பிடிக்கிறவர்கள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். ஓடுகிற சக்கரத்தின் அடியில் சரியான இடத்தில் சரியான சாய்வில் மரக்கட்டையைக் கொடுத்து, கையை எடுத்துக்கொள்ள வேண்டும். சக்கரம் கட்டைமேல் ஏறி வழுக்கித் திரும்பும். விளக்கெண்ணெய் தடவிய கட்டை ஒரு மாதிரி, தடவாத கட்டை வேறு மாதிரி. தேவா பதினாறு வயதிலிருந்து வலது முன்சக்கரம். குந்தியபடியே பின்னால் பின்னால் ஓடுவான். தேர் அவனைத் துரத்துவது போலவே இருக்கும். நான் கூட்டத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்வேன்.

தொண்ணூற்றேழில் எனக்கும் அவனுக்கும் பதினெட்டு. பழைய பேப்பர் கடையில் எனக்கு ஓர் இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகை கிடைத்தது. அதில் பந்தய டயரைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை. அன்று சாயங்காலமே பட்டறையில் போய்ப் பிரசங்கம் செய்தேன்.

"ரேஸ் டயர்ல பட்டனே கிடையாதுடா. வழவழன்னு இருக்கும். ரப்பர் பூரா தரையில உக்காரும். அதான் அந்தப் பிடி."

"என்னா சாமி, மொட்டை டயர்னா போலீஸ்காரன் புடிக்கிறான், நீ புதுசா ஒண்ணு சொல்றியே?"

"புக்குல போட்டிருக்கான்டா."

"இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷ்லதான்."

"அப்ப சரிப்பா." அவனுக்கு அது போதும்.

அவன் அப்பாவின் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பின் டயர் தேய்ந்திருந்தது. புதுசு வாங்கச் சொல்லி மேஸ்திரி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவா வாங்கவில்லை. மிச்சமிருந்த பட்டன்களைச் சீவிவிடலாம் என்றான். பஞ்சர் கடையில் டியூப் சுரண்டுகிற அரம் ஒன்று, பழுக்கக் காய்ச்சிய கத்தி ஒன்று. நான் டயரை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொள்ள, அவன் மாம்பழத் தோல் சீவுவது போல ரப்பரைச் சீவி எடுத்தான். புகையும் நாற்றமும் சட்டையில் மூன்று நாள் இருந்தன.

சித்திரை வெயில். ஓரிக்கை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அந்தப் பிடி இருக்கிறதே! வளைவில் வண்டியை எவ்வளவு சாய்த்தாலும் தார்ச்சாலை விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நான், "இன்னும் சாய்டா, இன்னும்!" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

அந்தக் கட்டுரைக்கு இரண்டாவது பக்கம் உண்டு என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரே விஷயம்தான்: மழை. பட்டன் என்பது பிடிப்புக்காக அல்ல, தண்ணீருக்கு வழிவிடுவதற்காக. வழி இல்லையென்றால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும், தரையைத் தொடவே தொடாது. அதை நான் அன்றே படித்திருந்தேன். சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. சொன்னால் என் பிரசங்கத்தின் காரம் குறைந்துவிடும் என்பதால் விட்டேன். சித்திரையில் யாருக்கு மழை ஞாபகம் வரும்?

வைகாசியில் தேர் ஓடியது. அதுதான் அவன் கட்டை போட்ட கடைசித் தேர்.

ஐப்பசியில் முதல் பெருமழை. பாலாற்றுப் பாலத்திலிருந்து இறங்குகிற இடத்தில், வேகம்கூட இல்லை, பின் சக்கரம் சும்மா நழுவிப் போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எதிரில் வந்த லாரி அவனைத் தவிர்த்து ஒடித்தது. முழங்காலை மட்டும் தவிர்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் காப்பி பிளாஸ்க்கைப் பிடித்தபடி கட்டில் ஓரம் நின்றிருந்தேன். மேஸ்திரி குரல் உடைந்து கத்தினார்.

"எவன்டா உன்னை மொட்டை டயர்ல போவச் சொன்னது?"

தேவா என்னைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. பிறகு சுவரைப் பார்த்தான்.

"எவனும் சொல்லல. நானேதான்."

நான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

4

ஜூன் மாதம், சனிக்கிழமை, காலை எட்டு மணி. போர்க்காலத்து விமான ஓடுபாதை. சுற்றிலும் கோதுமை வயல். என் ரோட்டு டயர்கள் நான்கும் ஃபிளாட் பால்கனியில் கிடக்க, செமி-ஸ்லிக்கிலேயே தொண்ணூறு மைல் ஓட்டி வந்திருந்தேன். சின்னக் காரில் இன்னொரு செட் டயருக்கு இடம் ஏது? தவிர, வானம் அவ்வளவு நீலம்.

ஜில் என்று ஒரு பயிற்சியாளர். என்னைவிட ஒரு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். சூயிங்கம்மை மென்றபடி என் டயரைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"முதல் டிராக் டே?"

"ஆமாம்."

"முதல் நாளே இதுவா? சாதா டயர் வழுக்குவதற்கு முன்னால் கத்தும். 'ஐயோ, போகிறேன், போகிறேன்' என்று அழும். அந்த அழுகையைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இது கத்தாது. பிடிக்கும், பிடிக்கும், பிடிக்கும், அப்புறம் விட்டுவிடும்."

ஆனால் கற்றுக்கொடுத்தாள். காற்றை இருபத்தாறுக்கு இறக்கினோம். சூடானால் தானே ஏறும். முதல் இரண்டு சுற்று நடைப்பயணம் மாதிரி, ரப்பர் வெதுவெதுப்பாகும்வரை. ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் மீண்டும் அளந்து, ஏறியதை வெளியேற்ற வேண்டும். பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது.

நான்காவது சுற்றில் டயர் விழித்துக்கொண்டது. அதை வேறு எப்படிச் சொல்வது? இனி திரும்பாது என்று உடம்பு சொல்கிற இடத்திலும் கார் திரும்பியது. கழுத்து ஒரு பக்கம் போகிறது, கன்னச் சதை ஒரு பக்கம் போகிறது, கார் மட்டும் சொன்ன பேச்சு கேட்கிறது. ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஜில் பக்கத்துச் சீட்டிலிருந்து, "மூச்சு விடு!" என்று கத்தினாள்.

அடுத்த முறை தனியாகப் போனேன். அப்போதுதான் அது நடந்தது. நீளமான வலது வளைவு. டயர் கத்தவில்லை. கத்த வேண்டிய இடத்தில் ஓர் அமைதி இருந்தது. அந்த அமைதிக்குள், இடது காதுக்குப் பக்கத்தில், யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இடுப்பில் சட்டையை ஒரு கை பிடித்த மாதிரி. "இன்னும் சாய்டா." குரல் என்னுடையது, பதினெட்டு வயதுக் குரல். கேட்டுக்கொண்டிருப்பவன் தேவா.

செத்தவர்கள் வந்து நிற்பார்கள் என்று சொல்கிறார்கள். தேவா உயிரோடு இருக்கிறான். மாதம் ஒருமுறை போனில் பேசுகிறோம், கிரிக்கெட், சினிமா, அவன் தங்கை செல்வியின் வேலை. என்னைச் சுற்றி வருவது அந்தத் தேவா இல்லை. இரண்டு காலும் மடங்கக்கூடிய, குந்தியபடியே பின்னால் ஓடக்கூடிய இன்னொருவன். அவனுக்கு வயது ஏறுவதே இல்லை. நான் விசா வாங்கின அன்று தூதரக வரிசையில் எனக்குப் பின்னால் நின்றான். இன்றைக்குக் காரில் ஏறிக்கொண்டான்.

5

பன்னிரண்டரைக்கு மேற்கே கறுத்தது. ஒரு மணிக்குக் கொட்டியது. மற்றவர்கள் சாவதானமாக வேன்களிலிருந்து ரோட்டு டயர்களை இறக்கி மாற்றினார்கள். என்னுடையவை பால்கனியில் இருந்தன.

"உனக்கு இன்று முடிந்தது," என்றாள் ஜில்.

"ஒரே ஒரு சுற்று. நடைவேகத்தில்."

"எதற்கு?"

அவள் வேறொருவரின் ஹெல்மெட்டைச் சரிசெய்யத் திரும்பியபோது நான் காரை எடுத்தேன்.

சத்தியமாக மெதுவாகத்தான் போனேன். ஓரிக்கைக்குப் போகிற டவுன் பஸ்கூட என்னை முந்தியிருக்கும். அதே வலது வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது கையில் எடையே இல்லாமல் சுற்றியது. அதுதான் மிதப்பது. சத்தம் இல்லை, உதறல் இல்லை. பின்பக்கம், யாரோ மெல்லத் தள்ளிவிட்டது போல, என்னைத் தாண்டி முன்னால் வந்தது. வயல், கொட்டகை, வானம், மீண்டும் வயல். பிறகு ஈரப் புல்லில் கார் எதிர்த்திசையைப் பார்த்து நின்றது. ஒரு கீறல்கூட இல்லை.

லாரி வரவில்லை. எனக்கு லாரி இல்லாத ரோடு கிடைத்திருந்தது. வைப்பர் போய்ப் போய் வந்தது. அவனுக்கு என்ன நடந்தது என்று ஏழு வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது: அவன் எதுவும் தப்பாகச் செய்திருக்கவில்லை. செய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

சிவப்புக் கொடி. ஜில் மழையில் நடந்தே வந்தாள். ஓட்ட அனுமதி என்று காலையில் என் மணிக்கட்டில் கட்டிய காகிதப் பட்டையை அறுத்து எடுத்தாள். பிறகு சொன்னாள்: "இந்த டயரில் நீ வீட்டுக்கும் போகப் போவதில்லை. கார் கொட்டகையில் இருக்கட்டும். சாயங்காலம் உன்னை ஸ்டேஷனில் விடுகிறேன். எனக்கு உன்மேல் அன்பு வந்துவிட்டதென்று நினைக்காதே."

6

கான்டீனில் ஒரு போன் இருந்தது. சட்டைப்பையில் காலிங் கார்டு எப்போதும் இருக்கும். சுரண்டி எடுத்த பன்னிரண்டு எண், அதற்கப்புறம் ஊர் எண். அங்கே மாலை ஆறரை. தேவா எடுத்தான். பின்னால் சர்க், சர்க் என்று ஏதோ சீவுகிற சத்தம்.

"என்னா சாமி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே?"

"சும்மாதான்டா. என்ன பண்ற?"

"கட்டை சீவிக்கினு இருக்கேன். நாளைக்குத் தேரு. மறந்துட்டியா? அங்க போனா வைகாசியும் கெடையாது போல."

மறந்துதான் போயிருந்தேன். "நீயா சீவுற?"

"பின்ன? ஓடத்தான முடியாது, ஒக்காந்து சீவ முடியும்ல. நாலு வருஷமா நான்தான். அப்பா வந்து எடுத்துக்கினு போவாரு."

"என்ன சொல்லுவார்?"

"இன்னா சொல்லுவாரு? என்கிட்ட எதுனா சொல்லணும்னா செல்விகிட்டதான் சொல்லுவாரு. 'உங்க அண்ணனைச் சாப்டச் சொல்லு'. 'உங்க அண்ணனைக் கட்டை எத்தினி ஆச்சுன்னு கேளு'. நான் எதிர்லதான் இருப்பேன்." சிரித்தான். "ஏழு வருஷமா அதே பாட்டுதாம்பா. நல்ல டயர் வாங்குடான்னேன், மொட்டை டயர்ல போய் வலது சக்கரத்த இழந்துட்டு வந்து நிக்கிறான்னு. சரி, நீ ஏன் ஒரு மாதிரி பேசுற? குளிரா?"

சொன்னேன். டிராக், டயர், மழை, சுற்றிப்போய் நின்றது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதற்கு வந்தபோது வாய் நின்றது. கார்டில் நிமிடங்கள் ஓடின.

சீவுகிற சத்தமும் நின்றது.

"பட்டன் இல்லாத டயரா?"

"கிட்டத்தட்ட."

"மழை பேயுதா இப்ப?"

"பேயுது."

"அன்னிக்கு நீ சொல்லாத பாதியை இன்னிக்கு நான் சொல்றேன், கேட்டுக்க. மழையில அதை ஓட்டாத."

கான்டீனில் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டும் எனக்குக் கேட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"அந்தப் பொஸ்தகத்த எங்க வூட்லதான வுட்டுட்டுப் போன. நான் கட்டுப் போட்டுக்கினு படுத்துக் கெடக்கறப்ப, செல்வி டிக்‌ஷனரி வச்சிக்கினு உக்காந்து படிச்சா. மொத பக்கம் படிச்சா. ரெண்டாவது பக்கமும் படிச்சா."

"ஏழு வருஷமா ஏன்டா கேக்கல?"

"கேட்டா? கால் வளரப் போவுதா? நீயே சொல்லுவன்னு பாத்தேன். மாசா மாசம் போன் பண்ற. இன்னிக்கு சொல்லுவான், இன்னிக்கு சொல்லுவான்னு பாப்பேன். நீ ஸ்கோர் கேப்ப."

"தேவா, என்னை..."

"தோ பார், மன்னிப்பு கின்னிப்புலாம் கேக்காத. கடுப்பாவுது. அரம் புடிச்சது நான். சீவினது நான். எனக்கு ஒண்ணும் வேணாம். சொல்லணும்னா எங்க அப்பாகிட்ட சொல்லு. நேர்ல வந்து சொல்லு. அவருக்குப் புள்ள தறுதலைன்னு ஆயிப்போச்சு. இல்ல, ரெண்டு பேரும் தறுதலைன்னு அவருக்குத் தெரியட்டும்." கட்டையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அவரு எதிர்ல உக்காந்துக்கினே செல்வி வழியா சாப்டச் சொல்றது இருக்குது பாரு சாமி, அது முட்டியவிட வலிக்குதுபா."

கார்டு தீரப்போவதாக ஒரு பெண்ணின் குரல் இங்கிலீஷில் எச்சரித்தது. தேவாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். "வெய்டா, கட்டை இன்னும் ஆறு இருக்குது," என்று அவனே வைத்தான். அந்தச் சீவுகிற சத்தத்தின் தொடக்கம் மட்டும் என் காதில் கிடைத்தது.

7

கார் இன்னும் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை கெவினின் வேனைக் கேட்டிருக்கிறேன். பால்கனியிலிருந்து நான்கு ரோட்டு டயர்களையும் ஏற்றிக்கொண்டு போய், மாற்றி, பட்டன்களோடு வீடு வர வேண்டும். ஜில்லுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். சாதா டயரோடு வந்தால் பார்க்கலாம் என்று ஒரே வரி பதில் வந்திருக்கிறது.

ஆபீசில் விடுப்புப் படிவம் கொடுத்திருக்கிறேன். பதினோரு நாள், ஜூலை. காரணம் என்கிற கட்டத்தில் முதலில் 'குடும்பம்' என்று எழுதினேன், அடித்துவிட்டு 'சொந்த வேலை' என்று எழுதினேன். மேனேஜர் அடித்ததைப் படித்துவிட்டு, "எல்லாரும் நலம்தானே?" என்று விசாரித்தார்.

இரண்டு மணி நேரக் கூட்டத்தில் குறிப்பே இல்லாமல் இங்கிலீஷில் பேசுகிறவன் நான். இந்த ஒரு வாரமாக, ரயிலில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும், ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தைப் பழகிக்கொண்டிருக்கிறேன். பத்திரிகையிலிருந்து ஆரம்பித்தால் கதை என்னைக் காப்பாற்றத் தொடங்கிவிடுகிறது. சித்திரை வெயிலிலிருந்து ஆரம்பித்தாலும் அப்படித்தான். கடைசியில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று முடிவுசெய்திருக்கிறேன்.

மேஸ்திரி வாசலில் இருப்பார். தேவா உள்ளே இருக்க வேண்டும், அவன் காதில் விழ வேண்டும். உட்காரச் சொல்வார். உட்காரக் கூடாது.

"மேஸ்திரி, அந்த டயரைப் புடிச்சிக்கினு இருந்தது நான்."

முதலில் இது. மழையை அதற்கப்புறம்.